குமரி மாவட்டத்தில் குளிர்காலச் செடி பராமரிப்பு: பாதி மழை, பாதி பனி

நம் ஊரில் மார்கழி விடியலுக்கு ஒரு சால்வை போதும். குளிரால் செடி சாவதில்லை. தொட்டிச்செடி போவது பெரும்பாலும் வேர் அழுகித்தான். ஐப்பசி, கார்த்திகையில் வானம் ஊற்றும். மழை ஓய்ந்ததும் செடி காய்ந்துவிடுமோ என்று பயந்து நாம் ஊற்றுவோம். அதனால் இந்தப் பருவத்தை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பதே நல்லது.

மழை நிற்கும்வரை

முதலில் தொட்டியின் அடியைப் பாருங்கள். பத்து அங்குலத் தொட்டிக்குச் சுண்டுவிரல் நுழையும் அளவில் நான்கு துளையாவது வேண்டும். பிளாஸ்டிக் தொட்டியில் துளை அடைபட்டே வந்திருந்தால் சுட வைத்த கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். துளைமேல் வைக்கும் ஓட்டுத்துண்டு குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்ந்திருக்க வேண்டும். மட்டமான துண்டு துளையை அடைத்துக்கொள்ளும். பிறகு இரண்டு செங்கல்மேல் தொட்டியைத் தூக்கி வையுங்கள். வெளியே நிற்கும் தொட்டிகளின் அடித்தட்டைத் தை பிறக்கும்வரை எடுத்து வைத்துவிடலாம், கொசுவுக்கும் இடம் இருக்காது.

கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்மண்ணை மட்டும் நிரப்பினால் நான்கு மழையில் களியாக இறுகிவிடும். செம்மண், பருமணல், மக்கிய சாணம் மூன்றும் சம பங்கு போதும். தென்னைநார்க் கழிவு சேர்ப்பதென்றால், சாயம் வெளுக்கும்வரை இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். உப்புத்தண்ணீரில் ஊறிய கதம்பையிலிருந்து (தேங்காய் மட்டை) வந்த கழிவானால் இலை நுனி கருகி அதைக் காட்டிக்கொடுக்கும். ஆந்தூரியத்துக்கும் ஆர்கிடுக்கும் மண்ணே வேண்டாம்: ஓரங்குலமாக வெட்டி மூன்று நாள் தண்ணீர் மாற்றி ஊறவைத்த கதம்பைத் துண்டு, அடுப்புக்கரி, ஓட்டுச்சில்லு.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தது இதே பருவத்தில்தான். புயல் எச்சரிக்கை வந்தால் கைப்பிடிச் சுவர்மேல் உள்ள தொட்டிகளைத் தரையில் இறக்கிவிடுங்கள். தொட்டி போனால் வாங்கலாம், கீழே நிற்பவர் தலை போனால் முடியாது.

அழுகத் தொடங்கிய செடி

மண் ஈரமாக இருக்கும்போதே இலை தொங்கினால் அது தாகமில்லை. இங்கேதான் பலர் இன்னொரு குவளை ஊற்றிக் கதையை முடிக்கிறார்கள். தொட்டியைச் சாய்த்துச் செடியை மண்ணோடு உருவிப் பாருங்கள். நல்ல வேர் வெளுப்பாக, விறைப்பாக இருக்கும். அழுகியது பழுப்பாகி, விரலால் இழுத்தால் தோல் மட்டும் கையோடு வந்து உள்ளே நூல் போன்ற நரம்பு நிற்கும். ஓடைச் சகதி வாடையும் அடிக்கும். அழுகியதையெல்லாம் சுத்தமான கத்தரியால் வெட்டி, வேர் குறைந்த அளவுக்கு இலையையும் குறைத்து, ஒரு நாள் நிழலில் ஆறவிட்டுப் புது மண்ணில் நடுங்கள். முன்பைவிடச் சிறிய தொட்டிதான் சரி; பெரிய தொட்டியில் வேர் உறிஞ்சாத ஈரம் மறுபடி தேங்கும். மணி பிளான்டுக்கு இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் விடலாம். ஸ்நேக் பிளான்டுக்கு ஒரு வாரம் பொறுக்க வேண்டும்.

வீட்டுக்குள் வெளிச்சம்

டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்கிறது. நம் அட்சரேகையில் உச்சிப்பொழுதில்கூடத் தலைக்கு நேரே நிற்காமல் சுமார் 31 டிகிரி தெற்கே தள்ளித்தான் நிற்கும். சித்திரையில் நிழலாகக் கிடந்த தெற்கு ஜன்னலில் இப்போது நேர்வெயில் விழும். அங்கே இருக்கும் பீஸ் லில்லியும் ஆந்தூரியமும் இலையில் வெளுத்த திட்டு வாங்குவது இதனால்தான். மூன்றடி உள்ளே தள்ளினால் போதும். வடக்குப் பால்கனியில் நேர்வெயிலே இராது, அங்கே பூச்செடி வைத்து மொட்டுக்குக் காத்திருப்பது வீண்.

மழை ஓய்ந்தபின்

தை, மாசியில் மேல்மண் பனியில் நனைந்து ஈரமாகத் தெரியும், அதை நம்பாதீர்கள். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். உள்ளே உலர்ந்திருந்தால் பத்து அங்குலத் தொட்டிக்கு ஒரு லிட்டர், காலையில். வீட்டுக்குள் நிற்கும் ஸ்நேக் பிளான்டுக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை போதும். குளச்சல், முட்டம் பக்கம் கிணற்று நீர் உப்பாக இருந்தால் தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு கட்டும். மழைநீரைப் பிடித்து வைத்திருந்தால் மாதம் ஒரு தடவை அடித்துளை வழியே ஓடும் அளவுக்கு ஊற்றி உப்பைக் கழுவலாம்.

உரமும் இப்போதுதான். மழையில் போட்டது கரைந்து ஓடையில்தான் சேரும். மீன் கழிவும் வெல்லமும் சம எடையில் கலந்து மூடி, 21 நாள் நிழலில் வைத்தால் மீன் அமிலம். லிட்டருக்கு 5 மில்லி, பதினைந்து நாளுக்கு ஒரு முறை. மலிவான வெல்லமே போதும், கருப்பட்டியை இதில் வீணாக்க வேண்டாம். மீன் தலையைப் பச்சையாகத் தொட்டியில் புதைத்தால் எறும்பும் பெருச்சாளியும்தான் வரும்.

காற்று உலர்ந்ததும் இலையடியில் சிலந்திப்பேன் சேரும்: மங்கிய புள்ளிகள், மெல்லிய வலை. முதலில் இலையடியில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். பிறகு ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல்; மாலையில் தெளித்து, வாரம் கழித்து மறுபடி.

மல்லிகைக்கு நவம்பர் கடைசி, பிச்சிக்கு டிசம்பர் கடைசி என்பது கவாத்துக் கணக்கு. தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டுவார்கள். ஆனால் நவம்பரில் மழை விடாமல் பெய்தால் அவசரப்படாதீர்கள். நனைந்த வெட்டுவாய் வழியே பூசணம் இறங்கும். இரண்டு மூன்று நாள் வெயில் பார்த்து வெட்டி, தடித்த கிளைகளின் வெட்டுவாயில் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூசணக்கொல்லியைக் குழைத்துத் தடவுங்கள்.