வேலூர் வானில் ஓரியன் நெபுலாவைக் காணும் முறை

விண்மீன்கள் பிறக்கும் ஒளிமுகில்களுள் வெறுங்கண்ணுக்கும் எட்டும் ஒன்று ஓரியன் நெபுலா. மார்கழித் திருவாதிரையை ஒட்டி நிலவு முழுமையாகக் காய்ந்து வானை வெளுத்துவிடும் என்பதால், தை அமாவாசையை ஒட்டிய இரவுகளைத் தேர்ந்துகொள்ளுங்கள். அந்நாட்களில் ஒன்பது மணியளவில் ஓரியன் விண்மீன் கூட்டம் நம் தலைக்கு மேலே, சற்றே தெற்கில் சாய்ந்து நிற்கும்.

இடத்தைத் தேர்வதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பார்க்கப்போவது தெற்குத் திசை. ஆகவே கணியம்பாடி, அமிர்தி எனத் தெற்கே போனால் நகர வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். இரவில் காட்டுக்குள் நுழைய வேண்டாம். தெருவிளக்குப் படாத மொட்டைமாடியே போதும்.

பாயை விரித்துப் படுத்து, கைப்பேசியைத் தொடாமல் அரைமணி நேரம் இருங்கள். கண் இருளுக்குப் பழக அவ்வளவு நேரமாகும். ஓரியனின் நடுவே வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களுக்குத் தெற்கே மங்கலான சிறு வரிசை ஒன்று தொங்கும். அதன் நடுவில் இருப்பது, பனியில் தெரியும் விளக்கைப்போலக் கலங்கித் தோன்றும். அதுவே நெபுலா. 10 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் இருந்தால் முகிலின் விரிவு புலப்படும். நேரே உற்றுப் பார்ப்பதைவிடச் சற்று ஓரமாகப் பார்த்தால் இன்னும் தெளியும். தைப் பனி கண்ணாடியில் படியுமாதலால் மெல்லிய துணி ஒன்றும் உடன் இருக்கட்டும்.

படங்களில் கண்ட செந்நிறத்தை எதிர்பார்த்து வருபவர் ஏமாறுவார். ஐதரசன் வெளியிடும் அந்தச் சிவப்பு உண்மையானதே. ஆனால் மங்கிய ஒளியில் நம் கண் சிவப்பை உணராது, சாம்பல் கலந்த வெளிர்பச்சையே மிஞ்சும். என் கண்ணுக்கு அந்த நிறமே அழகு. ஏறத்தாழ 1,350 ஒளியாண்டுத் தொலைவிலிருந்து வரும் அவ்வொளி, பல்லவர்கள் தொண்டைமண்டலத்தை ஆண்டபோது புறப்பட்டது.

தொலைநோக்கி கிடைத்தால் 50 மடங்கு பெருக்கத்தில் முகிலின் நடுவே பாருங்கள். பள்ளிக் கணக்கில் வரும் சரிவகம்போல நான்கு விண்மீன்கள் நெருங்கி நிற்கும். அந்த முகிலிலேயே பிறந்த இளம் விண்மீன்கள் அவை; அவற்றுள் மிகப் பிரகாசமானதன் புறஊதாக் கதிர்களே முகில் முழுவதையும் ஒளிரச் செய்கின்றன.

இதற்கு மேலும் ஆர்வம் மிகுந்தவர்கள், பழைய வட ஆர்க்காட்டு ஜவ்வாது மலையில், ஆலங்காயத்துக்கு அப்பாலுள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்துக்குச் செல்லலாம். 1986 முதல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. பார்வையாளர்களை எந்நாளில் அனுமதிக்கிறார்கள் என்பதை முன்னரே விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள்.