எல்என்2 ஊத்துனா சிபியு ஏன் பாதில நின்னுடுது? கோல்ட் பக்கை கண்டுபிடிச்சு சமாளிக்கறது எப்படி

சிபியுவை கடுங்குளிராக்கி கம்பெனி வச்ச ஸ்பீடை தாண்டி ஓட்டற எக்ஸ்ட்ரீம் ஓவர்க்ளாக்கிங் புதுசா ஆரம்பிக்கற பசங்க முக்காவாசி பேருக்கு ஒரே நெனப்புதாங்க, எவ்ளோ குளிரோ அவ்ளோ ஸ்பீடு. எல்என்2ங்கற லிக்விட் நைட்ரஜன் கொதிக்கறதே மைனஸ் 196 டிகிரில, அதனால சிபியுவையும் அங்க இறக்கிட்டா வேலை முடிஞ்சதுன்னு பிளாஸ்க்கை கவுத்துடறாங்க. ஆனா நிறைய சிப்புங்க அந்த குளிர் வரைக்கும் வராது. பாதி வழிலயே ஸ்க்ரீன் அப்படியே நின்னுடும், ரீசெட் அடிச்சா போர்டுல பூட் எந்த கட்டத்துல இருக்குன்னு காட்டற போஸ்ட் கோடு ஒரே நம்பர்ல மாட்டிக்கும், தலைகீழா நின்னாலும் பூட் ஆகாது. சிப்பு போச்சேன்னு வயித்துல புளியை கரைக்கும். பெரும்பாலும் போயிருக்காது, கொஞ்சம் சூடேத்துனா தானா எழுந்துக்கும்.

இதுல ரெண்டு வகை இருக்கு, குழப்பிக்காதீங்க. ஓடிட்டு இருக்கற சிப்பு ஒரு டெம்பரேச்சருக்கு கீழ போனதும் நின்னுடறது கோல்ட் பக். ஓடிட்டு இருந்தா தாங்குது, ஆனா அதே குளிர்ல ஆஃப் பண்ணி ஆன் பண்ணா எழும்ப மாட்டேங்குதுன்னா அது கோல்ட் பூட் பக். பூட் பக் கொஞ்சம் மேலயே வந்துடும், உதாரணத்துக்கு மைனஸ் 120 வரைக்கும் ஓடற சிப்பு மைனஸ் 95க்கு கீழ பூட்டே ஆகாம இருக்கலாம்.

ஏன் இப்படின்னா, குளிர்ல கரண்ட் லீக் குறையுது, உள்ள இருக்கற கம்பியோட ரெசிஸ்டன்சும் குறையுது, அதனாலதான் கோர் வேகமா ஓடுது. ஆனா சிப்புங்கறது வெறும் கோர் மட்டும் இல்லீங்களே, க்ளாக் உண்டு பண்ற பிஎல்எல், மெமரி கன்ட்ரோலர், கிராஃபிக்ஸ் கார்டு மாதிரி பாகங்களோட பேசற பிசிஐஇ எல்லாம் அதே சிலிக்கான்லதான் இருக்கு, அதெல்லாம் சாதாரண சூட்டுக்குன்னு டிசைன் பண்ணது. குளிர்ல டிரான்சிஸ்டர் ஆன் ஆக வேண்டிய வோல்ட்டேஜும் ஏறிடும், பிஎல்எல் லாக் ஆகாம போச்சுன்னா க்ளாக்கே கிடையாது, அப்புறம் கோர் எவ்ளோ நல்லா இருந்து என்ன பண்ண. இது டிசைனுக்கு டிசைன் மாறும். 2009ல வந்த ஏஎம்டி ஃபெனம் 2க்கு கோல்ட் பக்கே இல்லன்னு அப்ப பெரிய பேச்சு, மைனஸ் 269ல கொதிக்கற லிக்விட் ஹீலியமே ஊத்தி ஓட்டுனாங்க. 2023ல இன்டெல் 14900கேஎஃப்ல 9 கிகாஹெர்ட்ஸ் தாண்டுனதும் ஹீலியத்துலதான். நம்ம கைல இருக்கற சிப்பு அப்படி இருக்கணும்னு ஒண்ணும் இல்ல.

நைட்ரஜன், இடம்

நம்ம ஊர்ல மாட்டுக்கு சினை ஊசி போட வர்றவர் தூக்கிட்டு வர்ற கேன்ல இருக்கறதும் இதே நைட்ரஜன்தான், ஆனா அவர்கிட்ட போய் ரெண்டு லிட்டர் குடுங்கன்னு நிக்காதீங்க, அது தீந்தா உள்ள இருக்கற உறைவிந்து மொத்தமும் வீணா போயிடும். ஓசூர் பக்கம் ஃபேக்டரிகளுக்கு கேஸ் சப்ளை பண்றவங்ககிட்ட விசாரிங்க, அதுக்குன்னு இருக்கற கேன்ல மட்டும் வாங்குங்க. மூடியை இறுக்கி அடைச்சா பிரஷர் ஏறி வெடிக்கும். கார்ல கொண்டு வந்தா கண்ணாடி நாலையும் இறக்கிடுங்க, சேலத்துல வாங்கிட்டு தர்மபுரி வர்றவங்க தொப்பூர் கணவாய் வளைவுல சாயாத மாதிரி கேனை கட்டி வைங்க. ஒரு லிட்டர் ஆவியானா கிட்டத்தட்ட 700 லிட்டர் கேஸ் ஆகும், மூடுன ரூம்ல அது ஆக்சிஜனை தள்ளிடும், வாசனையும் இல்லாததால மயக்கம் வர்றதே தெரியாது. அதனால மொட்டை மாடி இல்லன்னா நல்லா காத்தோட்டமான போர்டிகோ. கண்ணாடி போட்டுக்கோங்க, உதறுனா கழண்டு விழற மாதிரி லூசான க்ளவுஸ், ஷூவுக்கு மேல பேன்ட்.

ஓசூர் குளிர்ல பண்ணா நல்லா வருமான்னு ஒரு தம்பி கேட்டான். மைனஸ் 196க்கு முன்னாடி ஓசூர் குளிரெல்லாம் ஒரு கணக்கே இல்லப்பா! பாக்க வேண்டியது ஈரப்பதம்தான். 28 டிகிரில ஈரப்பதம் 70 சதவீதம்னா 22 டிகிரிலயே தண்ணி கோத்துக்கும். ஐப்பசி மழைல பண்றதை விட பங்குனி வெயில்ல மத்தியானமா பண்றது எவ்வளவோ மேல்.

போர்டை மூடறது

சிபியு உக்கார்ற சாக்கெட்டை சுத்தி பிசையற ரப்பரை இடைவெளி இல்லாம அமுக்குங்க, வரைய யூஸ் பண்ணுவாங்களே அது. அதுக்கு மேல ஏசி மெக்கானிக் பைப்புக்கு சுத்தற கருப்பு ஃபோம், சிபியு மேல வச்சு நைட்ரஜன் ஊத்தற உலோக பாத்திரம் இருக்கே, பாட், அதை சுத்தியும் அதே. போர்டோட பின்பக்கத்தை மறந்துடாதீங்க, சாக்கெட்டுக்கு நேர் பின்னாடிதான் பனி முதல்ல புடிக்கும். ரேம் ஸ்லாட் ஓரமா கொஞ்சம் வேசலின். இதை அரைகுறையா பண்ணிட்டு உள்ள தண்ணி இறங்குனா, அதுவும் பாக்க கோல்ட் பக் மாதிரியேதான் இருக்கும்.

கோல்ட் பக் எங்கன்னு தேடறது

மொதல்ல சாதா கூலர்லயே பயாஸ் அப்டேட், ப்ரொஃபைல் சேவ் எல்லாம் முடிச்சுடுங்க. போர்டுல எல்என்2 மோடு ஜம்பரோ ஸ்விட்ச்சோ இருந்தா ஆன் பண்ணுங்க. சிபியுவோட சொந்த சென்சார் ஜீரோவுக்கு கீழ நம்பற மாதிரி காட்டாது, அதனால பாட்டோட அடில இருக்கற ஓட்டைக்குள்ள கே டைப் தெர்மோகப்பிள், அதாவது மீட்டர்ல மாட்டி சூடு அளக்கற கம்பி, சொருகணும்.

பூட் ஆகி விண்டோஸ் வந்தப்புறம்தான் ஊத்தவே ஆரம்பிக்கணும். மைனஸ் 50 வரைக்கும் கொஞ்சம் தாராளமா போகலாம், அதுக்கப்புறம் பத்து பத்து டிகிரியா இறக்குங்க. ஒவ்வொரு இடத்துலயும் கொஞ்ச நேரம் நிறுத்தி ஒரு சின்ன லோடு குடுங்க, ஓடுதா, அடுத்த பத்து. அவசரத்துல அண்டாக்குள்ள கூட கை நுழையாதும்பாங்க, இங்க சரியா பொருந்தும். நின்னுடுச்சுன்னா மீட்டர்ல இருக்கற நம்பரை உடனே எழுதிக்கோங்க. அப்புறம் ஆஃப் பண்ணி, பாட்டை ஹீட்டர் வச்சோ நெருப்பு வர்ற கேஸ் டார்ச் காட்டியோ பத்து பத்தா ஏத்தி ஒவ்வொரு தடவையும் ஆன் பண்ணி பாருங்க, எங்க போஸ்ட் ஆகுதோ அதான் உங்க பூட் பக் எல்லை. ரெண்டு நம்பரையும் சிப்பு டப்பா மேலயே மார்க்கர்ல எழுதி வைங்க, அதே மாடல்ல இன்னொரு சிப்பு வாங்குனா இந்த நம்பர் ஒத்து வராது.

இதுல யாரும் சொல்லாத ஒரு விஷயம். ஸ்பீடை அளந்து ஸ்கோர் போடற பெஞ்ச்மார்க் ஓடும்போது ஒண்ணும் ஆகாது, முடிஞ்சு ஸ்கோர் வர்ற நேரத்துல நின்னுடும், ஸ்க்ரீன்ஷாட் எடுக்கக்கூட விடாது. சினிபெஞ்ச் மாதிரி பெஞ்ச்மார்க்ல எல்லா கோரும் ஓடும்போது பாட் மைனஸ் 110 காட்டுனாலும் சிலிக்கான் அதைவிட நல்ல சூடாத்தான் இருக்கும். லோடு நின்ன அடுத்த நொடி அந்த சூடு போயிடுது, பாட்ல ஏற்கனவே ஊத்துனது மிச்சம் கொதிச்சுட்டு இருக்கு, மீட்டர் 112, 116, 121ன்னு வழுக்கிட்டே போகும், பக் எல்லை தாண்டிடும். அதனால பெஞ்ச்மார்க் முடியறதுக்கு கொஞ்சம் முன்னாடியே ஊத்தறதை நிறுத்திடுங்க, கிடைச்ச எல்லைக்கு ஒரு பத்து டிகிரி மேலயே ஓட்டுங்க.

எல்லையை கீழ தள்ள

பயாஸ்ல பிஎல்எல் வோல்ட்டேஜை ஒவ்வொரு படியா மாத்தி பாருங்க, சில சிப்புக்கு கூட்டணும், சிலதுக்கு குறைச்சாதான் வேலை செய்யும். பிசிஐஇயை ரொம்ப ஸ்லோவான ஜென் 1க்கு இறக்கிடுங்க. ரேம் ஒரே ஸ்டிக், ஸ்பீடு கம்மி. மெமரி கன்ட்ரோலர் வோல்ட்டேஜ் லேசா ஏத்தலாம். ஸ்லோ மோடு ஸ்விட்ச் இருக்கற போர்டுல அதை போட்டு கம்மி மல்டிப்ளையர்ல, அதாவது கம்மி க்ளாக் ஸ்பீடுல, பூட் பண்ணிட்டு உள்ள வந்தப்புறம் எடுத்து விட்டுக்கலாம். ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணு மட்டும் மாத்துங்க, நாலையும் ஒண்ணா மாத்திட்டு எது வேலை செஞ்சதுன்னு தெரியாம முழிக்கறதுக்கு மாத்தாமயே இருக்கலாம்.

இதெல்லாம் பண்ணியும் மொதல் தடவை மைனஸ் 120ல ஓடுனது அடுத்த தடவை மைனஸ் 80லயே, அதுவும் லோடு குடுத்தா மட்டும் விழுதுன்னா சிப்பை திட்டாதீங்க, சிப்புக்கும் பாட்டுக்கும் நடுவுல தடவற பேஸ்ட் குளிர்ல விரிசல் விட்டிருக்கும். பாட் குளுகுளுன்னு இருக்கும், கீழ கோர் வெந்துட்டு இருக்கும். பாட்டை கழட்டி துடைச்சு, குளிர் தாங்கற பேஸ்ட் புதுசா போட்டுத்தான் ஆகணும். லிக்விட் மெட்டல் பக்கமே போகாதீங்க, அது இந்த குளிருக்கு ரொம்ப முன்னாடியே கெட்டியாயிடும்.

முடிஞ்சதும் பவரை எடுத்துட்டு, பாட் ரூம் சூட்டுக்கு வந்தப்புறம் ஃபோம், ரப்பர் எல்லாத்தையும் கழட்டி ஃபேன் முன்னாடி ஒரு ராத்திரி வைங்க. சாக்கெட் பின்னுக்குள்ள டார்ச் அடிச்சு பாத்துட்டுதான் மறுபடி ஆன் பண்ணணும். கேன்ல மிச்சம் இருந்தா சிங்க்லயோ டைல்ஸ்லயோ ஊத்தாதீங்க, விரிசல் விட்டுடும். மூடியை லூசா வச்சு மாடிலயே ஓரமா விட்டுடுங்க, தானா போயிடும், குழந்தைங்க மட்டும் கிட்ட போகாம பாத்துக்கோங்க.