கன்னியாகுமரியை ஒரே நாளில் நடந்து பார்க்க: இருவருக்கு ஒரு வழித்தடம்

கன்னியாகுமரி ஊருக்குள் பார்க்க வேண்டியவை எல்லாமே நடை தூரத்தில்தான் இருக்கின்றன. விடியலிலிருந்து அந்தி வரை சுற்றினாலும் ஆறேழு கிலோமீட்டருக்கு மேல் வராது. அப்படியும் பலர் பாதியைப் பார்க்காமலே திரும்புகிறார்கள். தாமதமாக எழுந்து, வெயில் ஏறியபின் படகு வரிசையில் நின்று, நடை சாத்திய பிறகு கோயில் வாசலுக்கு வந்து சேர்வதுதான் காரணம். காலையில் கிழக்குக் கரை, உச்சிக்கு முன் விவேகானந்தர் பாறை, மாலையில் மேற்குக் கரை. இந்த ஒழுங்கை மட்டும் மாற்ற வேண்டாம்.

சூரியன் வருடம் முழுக்க ஆறு மணிக்கும் ஆறே முக்காலுக்கும் இடையில்தான் உதிக்கும். ஐந்தரைக்கே கரையில் இருங்கள். ரயில் நிலையத்திலிருந்து கடலுக்கு ஒரு கிலோமீட்டர் சொச்சம், நேராகத் தெற்கே இறங்கும் சாலை. நாகர்கோவிலிலிருந்து வருகிறவர்கள் விடிவதற்கு முன்பே கிளம்பும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், இருபது கிலோமீட்டர்தான். ஆனி, ஆடியில் மேகம் மறைப்பது வாடிக்கை. தெளிந்த வானம் வேண்டுமானால் தை, மாசி நல்லது. முக்கடல் கூடும் முனையில் பாறைகள் பாசி பிடித்து வழுக்கும். அலை முதுகுக்குப் பின்னால் வந்து அடிக்கும். கடலுக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பதைத் தவிருங்கள்.

உதயம் முடிந்ததும் பகவதி அம்மன் கோயில். ஆண்கள் மேல்சட்டையைக் கழற்ற வேண்டும்; வேட்டியும் ஒரு தோர்த்தும் (துண்டு) இருந்தால் வசதி. கடலைப் பார்த்த கிழக்கு வாசல் விசேஷ நாட்களில் மட்டுமே திறக்கும். அம்மனின் மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்துக் கப்பல்கள் திசை மாறியதால்தான் அதைச் சாத்தினார்கள் என்பது ஊர்ப் பேச்சு. மற்ற நாட்களில் வடக்கு வாசல் வழியே போக வேண்டும். மதியம் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அதனால் காலையிலேயே தரிசனத்தை முடித்துவிடுங்கள்.

காப்பி, புட்டும் பயறும் பப்படமும் என்று வயிற்றைக் கவனித்துவிட்டு ஏழேகாலுக்குப் படகுத்துறையில் நில்லுங்கள். பாறைக்குப் போகும் அரசின் பூம்புகார் கப்பல் கழகப் படகுகள் எட்டு மணிக்கு ஓடத் தொடங்கும். சனி, ஞாயிறும் ஐயப்ப சீசனும் என்றால் ஒன்பது மணிக்கு வருகிறவர் வரிசையின் வாலைத்தான் பார்ப்பார். காற்று பலமாக அடித்தாலோ, கடல் உள்வாங்கி நீர்மட்டம் தாழ்ந்தாலோ படகை நிறுத்திவிடுவார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இது அடிக்கடி நடக்கும். பாறைக்காகவே வருகிறீர்கள் என்றால் அந்த நாட்களை விட்டுவிடுங்கள்.

விவேகானந்தர் 1892 டிசம்பரில் தவமிருந்த பாறையில் நினைவு மண்டபம் எழுந்தது 1970-ல். செருப்பை வெளியே விட வேண்டும். கருங்கல் தளம் பத்து மணிக்கெல்லாம் காயத் தொடங்கும், பதினொன்றுக்கு நடக்க முடியாமல் சுடும். முதல் படகுக்கு அவசரப்படச் சொல்வது இதற்காகத்தான். ஒரு ஜோடி பருத்திக் காலுறை பையில் இருக்கட்டும். ஸ்ரீபாத மண்டபத்தில் பாறையின் மேல் பாதம் போலத் தெரியும் சற்றுப் பழுப்பான தடத்தைக் குனிந்து பாருங்கள்; அவசரத்தில் வருகிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தியான மண்டபத்தில் பத்து நிமிடமாவது உட்காருங்கள்.

அங்கிருந்து வள்ளுவர் சிலைக்கு இப்போது கண்ணாடிப் பாலம் இருக்கிறது. நீளம் 77 மீட்டர், அகலம் 10 மீட்டர். 2024 டிசம்பர் 30-ல் திறந்தார்கள். நடுவில் காற்று பிடித்துத் தள்ளும். தொப்பியும் துப்பட்டாவும் போனால் கடலுக்குத்தான், போனைக் கெட்டியாகப் பிடியுங்கள். கணபதி ஸ்தபதி வடித்த சிலையின் மொத்த உயரம் 133 அடி. அதில் பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரங்கள் அத்தனை. சிலை 95 அடி, பொருளும் இன்பமும் சேர்ந்து. பீடத்தின் உள்ளே படியேறினால் பாதம் வரை போகலாம். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் இடுப்பிலுள்ள சிறு வளைவு தெரியும். இத்தனை கனமான கல்லுக்கு அந்த நெளிவு கொடுத்த கை பெரிய கை. 2004 சுனாமியையும் தாங்கி நின்ற சிலை இது.

கரை திரும்பப் பதினொன்றாகும். மதியம் மீன் குழம்போடு சோறு, கிடைத்தால் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன் கறியும். மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொள்ளுங்கள்; மாவட்டத்தின் பெயரோடு புவிசார் குறியீடு பெற்ற வாழைப்பழம். பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வெயிலில் நடக்க வேண்டாம், அறையோ நிழலோ பாருங்கள்.

மூன்றரைக்கு காந்தி மண்டபம். 1948-ல் காந்தியின் அஸ்தியைக் கடலில் கரைப்பதற்கு முன் வைத்திருந்த இடத்தில் அக்டோபர் 2 நண்பகலில் வெயில் விழும்படி கூரையில் துளை விட்டுக் கட்டியிருக்கிறார்கள். அருகிலேயே காமராஜர் மண்டபமும் சுனாமி நினைவுப் பூங்காவும். அங்கிருந்து மீனவர் தெருக்கள் வழியாக அலங்கார உபகார மாதா கோயிலுக்கு நடக்கலாம். கோதிக் பாணியில் உயர்ந்த வெள்ளைக் கோபுரம் தூரத்திலிருந்தே வழிகாட்டும். அது ஆட்கள் குடியிருக்கும் தெரு. வலை பின்னுகிறவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

அஸ்தமனத்துக்கு எங்கே நிற்பது என்பதை மாதம்தான் முடிவு செய்யும். மார்கழி, தையில் சூரியன் தென்மேற்காகச் சாய்வதால் முக்கடல் முனையிலிருந்தே கடலில் இறங்குவதைப் பார்க்கலாம். ஆனி, ஆடியில் வடமேற்காகப் போவதால் கரை மறைக்கும். அப்போது கோவளம் (கேரளத்துக் கோவளம் அல்ல, பக்கத்துக் கிராமம்) சாலையில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள சன்செட் பாயிண்ட்தான் சரி. அரை மணி நேர நடை, ஐந்தரைக்குக் கிளம்பினால் போதும். இருட்டியபின் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்புவதால் ஆட்டோவுக்கு அடித்துப்பிடித்து நிற்பார்கள். டார்ச் ஒன்று கையில் வைத்துக்கொண்டு சாலையின் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடந்தே பஸ் நிலையம் வந்துவிடலாம். அது கோவளம் சாலையிலேயே இருக்கிறது. நாகர்கோவிலுக்குக் கடைசி பஸ் எப்போது என்பதைக் காலையில் இறங்கும்போதே கேட்டு வையுங்கள்.