சுவர்த் தாங்கியில் மீன்தொட்டி: எடையைச் சுவரில் ஏற்றும் முறை

கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டியை ஒருவரே எளிதாகத் தூக்கி வண்டியில் வைத்துவிடுவார். தண்ணீர் நிரப்பியபின் அதன் எடை முற்றிலும் வேறு. தரையில் இடம் குறைந்த வடசென்னை வீடுகளில் தொட்டியைச் சுவரில் ஏற்ற விரும்புவது இயல்பே என்பதால், முதன்முறையாகச் செய்வோர் பின்பற்ற வேண்டிய வரிசையில் இங்கே விளக்குகிறேன்.

எடைக் கணக்கு

2 அடி நீளமும் 1 அடி அகலமும் 1 அடி உயரமும் உள்ள தொட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ 57 லிட்டர். மேலே சற்று இடம் விட்டு நிரப்பினால் தண்ணீர் சுமார் 45 கிலோ, 6 மி.மீ. கண்ணாடி 11 கிலோ, 2 அங்குல உயரத்துக்குப் பரப்பிய கூழாங்கல் 15 கிலோ. மூடி, விளக்கு, ஃபில்டர், பலகை ஆகியவற்றையும் சேர்த்தால் மொத்தம் 80 கிலோவை நெருங்கும். மூன்றடித் தொட்டியைச் சுவரில் ஏற்றவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதன் அகலமும் உயரமும் ஒன்றேகால் அடி என்றால் தண்ணீர் மட்டுமே 130 லிட்டரைத் தாண்டிவிடும்.

இந்த 80 கிலோ கீழ்நோக்கி அழுத்துவதோடு நிற்பதில்லை, தாங்கியைச் சுவரோடு பிடிக்கும் மேல் போல்ட்டைச் சுவரிலிருந்து வெளியே இழுக்கவும் செய்கிறது. தொட்டியின் நடுப்பகுதி சுவரிலிருந்து 17 செ.மீ. தள்ளி இருப்பதாகக் கொள்வோம். மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடைவெளி 15 செ.மீ. மட்டுமே என்றால், எடையை 17 ஆல் பெருக்கி 15 ஆல் வகுக்க, மேல் போல்ட்டுகளின் மீது விழும் இழுவை ஏறத்தாழ 91 கிலோ ஆகிறது. அதே இடைவெளியை 40 செ.மீ. ஆக்கினால் இழுவை 34 கிலோவாகக் குறைந்துவிடுகிறது. கடையில் தொங்கும் சிறிய ‘எல்’ வடிவத் தாங்கிகளை நான் இதற்குப் பரிந்துரைக்காததன் காரணம் இதுதான்.

சுவரை அறிதல்

சுவரின் தடிமன் 9 அங்குலமா 4.5 அங்குலமா என்பதைக் கதவு நிலையருகே அளந்து பாருங்கள். பிறகு, தாங்கி வரவிருக்கும் இடத்தில் 6 மி.மீ. துளை ஒன்றைப் போட்டு, அதன் கீழே வெள்ளைத் தாளைப் பிடித்து, விழும் தூளைக் கவனியுங்கள். பூச்சைத் தாண்டியதும் செந்தூள் வந்தால் செங்கல். சாம்பல் தூளோடு துளைக்கருவி திணறினால் கான்கிரீட். வெண்தூள் தங்குதடையின்றி உதிர்ந்தால் எடைகுறைந்த பிளாக்காகவோ பழைய சுண்ணாம்புச் சாந்தாகவோ இருக்கலாம்; கருவி திடீரென உள்ளே பாய்ந்தால் உள்ளீடற்ற பிளாக். கான்கிரீட் தூணும் 9 அங்குலச் செங்கல் சுவரும் தொட்டிக்கு ஏற்றவை. ராயபுரம், மண்ணடிப் பக்கத்துப் பழைய வீடுகளின் சுண்ணாம்புச் சுவர், அடுக்குமாடிகளின் 4.5 அங்குலத் தடுப்புச் சுவர், பிளாக் சுவர் ஆகியவற்றை மட்டும் நம்பித் தொட்டியைத் தொங்கவிடாதீர்கள். அங்கே தொட்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் தரை வரை இரும்புக் கால்கள் இறக்கிவிட்டால், எடை தரைக்குப் போய், சுவர் போல்ட்டுகள் சட்டம் சாயாமல் பிடிப்பதோடு நின்றுவிடும். வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரின் அனுமதி முன்னதாகவே வேண்டும்.

சட்டம்

வெல்டிங் பட்டறையில் 40 மி.மீ. அகலமும் 5 மி.மீ. தடிமனும் உள்ள ஆங்கிளில் (‘எல்’ வடிவ இரும்புச் சட்டம்), மேல் கை, சுவர்க் கை, இரண்டையும் இணைக்கும் சாய்கை கொண்ட இரு முக்கோணங்களைச் செய்யச் சொல்லி, முன்னும் பின்னும் குறுக்கு ஆங்கிள் வைத்து ஒரே சட்டமாக்குங்கள். மேல் கை தொட்டியின் முன் கண்ணாடி வரை நீள வேண்டும். சுவர்க் கை அதைவிட நீளமாக இருக்க வேண்டும். உப்புக் காற்று வீசும் திருவொற்றியூர், காசிமேடு போன்ற இடங்களில் துரு விரைவில் ஏறும் என்பதால், துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பூசி உலர்ந்தபின் எனாமல் பெயிண்ட் இரு முறை அடியுங்கள். மேற்பலகைக்கு ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள 18 மி.மீ. மரைன் பிளைவுட் பொருத்தமானது.

துளையும் போல்ட்டும்

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும், குளியலறைக் குழாய் செல்லும் பக்கத்திலும் துளையிடக் கூடாது. ரசமட்டம் வைத்துக் குறித்த புள்ளிகள் செங்கல்லின் நடுவில் விழட்டும், சாந்து இணைப்பில் வேண்டாம். கான்கிரீட்டில் விரியும் ஆங்கர் போல்ட் போதும். செங்கல்லில் அது விரியும்போது கல்லையே பிளக்கக்கூடும் என்பதால், கெமிக்கல் ஆங்கர் பசையோடு 10 மி.மீ. மரையிட்ட கம்பி பயன்படுத்துவதே நல்லது. இதற்கு 12 மி.மீ. துளை வேண்டும், பூச்சின் தடிமனை ஆழக் கணக்கில் சேர்க்காதீர்கள். துளைக்குள் தங்கும் தூளில் பசை ஒட்டாது. ஆகவே ஊதி, கம்பித் தூரிகையால் தேய்த்து, தூள் வருவது நிற்கும் வரை மீண்டும் ஊதுங்கள். பசையின் உறையில் குறித்த நேரம் முழுவதும் கழிந்தபின்பே நட்டை முடுக்க வேண்டும்.

சோதனையும் நிரப்புதலும்

தொட்டியை வைக்கும் முன், 25 கிலோ அரிசிச் சிப்பங்கள் ஐந்தை ஒவ்வொன்றாகச் சட்டத்தின் மீது அடுக்கி, ஒரு நாள் முழுவதும் விட்டுவையுங்கள். அந்த நேரத்தில் குழந்தைகள் அருகே போகக் கூடாது. சட்டத்தின் மேல் விளிம்பை ஒட்டிச் சுவரில் பென்சில் கோடு போட்டுவைத்தால், மறுநாள் சிறிய இறக்கமும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். கோட்டிலிருந்து இறங்கியிருந்தாலோ, மேல் போல்ட் பக்கம் இடுக்கு தென்பட்டாலோ, அந்தச் சுவருக்குக் கால் வைத்த சட்டமே வழி.

அசையவில்லையென்றால் பலகையைப் பொருத்தி, விளிம்பைச் சுற்றிச் சட்டமில்லாத வெறும் கண்ணாடித் தொட்டியாக இருந்தால் அதன் அடியில் தெர்மாகோல் விரித்து, தொட்டியை வையுங்கள். கால் பங்கு தண்ணீர் ஊற்றி ரசமட்டம் பாருங்கள், அரைப் பங்கில் மீண்டும் பாருங்கள். ஃபில்டர் ஒயர் பிளக்கைவிடக் கீழே தொங்கி வளைந்து மேலேறினால்தான், வழியும் நீர் பிளக்கை எட்டாது. கண்ணாடி துடைக்கும்போது சட்டத்தின் மீது சாய்ந்து நிற்கவோ கையை ஊன்றவோ வேண்டாம். மழைக்காலம் முடிந்ததும் ஆண்டுக்கொரு முறை நட்டுகளையும் வெல்டிங் இணைப்புகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். துரு தெரிந்தால் தொட்டியை இறக்கிய பிறகே சுரண்டிப் பெயிண்ட் அடிக்க வேண்டும்.