பானை கிடைத்தால் கழுவாதீர்கள்: சேலம் போகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு என்னென்ன எடுத்துப் போவது என்று உங்களுக்கே தெரியும். திரும்பும்போது எதைக் கொண்டுவரக் கூடாது என்று மட்டும் சொல்கிறேன்: மண்ணுக்கடியில் கிடைத்த எதையும்.

சேர்வராயன் மலையடிவாரத்தில் என் தாய்மாமாவுக்குத் தோட்டம். தென்னங்கன்றுக்குக் குழி எடுத்தபோது ஒரு பானை வந்திருக்கிறது. நான் போனபோது அதைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துத் திண்ணையில் காயவைத்திருந்தார்கள். வெளியே சிவப்பு, உள்ளே மைக்கருப்பு. தடவினால் வழவழவென்று இருந்தது. கழுத்துக்குக் கீழே கூரான முனையால் கீறிய மூன்று கோடுகள்.

"மாப்ள, உங்க ஊரு மியூசியத்துல டாலர்ல குடுப்பாங்களாமே, பெட்டியில வெச்சு எடுத்துட்டுப் போயிரு" என்றார். முடியாது மாமா என்றேன். "எல்லாத்தையும் விட்டுட்டுப் போனவங்கதான, இதுகூடச் செய்ய மாட்டியா?" அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. ஆனால் சட்டம் தெளிவாக இருக்கிறது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை.

எனக்குச் சட்டத்தைவிட அந்தச் சோப்புத்தூள்தான் வலித்தது. கருப்பு-சிவப்புப் பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடுவார்கள்; காற்றுப் படாத உட்பக்கம் கருக்கும், வெளிப்பக்கம் சிவக்கும். பல நூற்றாண்டுகள் புழங்கிய வகை என்பதால் பானையின் நிறத்தை வைத்து மட்டும் காலம் சொல்ல முடியாது. அதோடு கிடக்கும் கரியும் தானியமும்தான் சொல்லும். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் (இறந்தவர்களைப் புதைத்த பெரிய பானை) இருந்த நெல்லை வைத்துத்தான் பொ.ஆ.மு. (கி.மு.) 1155 என்று 2021-இல் அறிவித்தார்கள். மாமா வீட்டுப் பானைக்குள் என்ன இருந்ததோ, சாக்கடையோடு போய்விட்டது. கீறல்களாவது மிச்சம். அப்படிப்பட்ட குறியீடுகள் ஈரோடு மாவட்டக் கொடுமணலிலும் கீழடியிலும் இலங்கையிலும் கிடைத்திருக்கின்றன. யாருக்கு யாரோடு தொடர்பு இருந்தது என்று தேடுபவர்களுக்கு அவை முக்கியம்.

சரி, முறையாக ஒப்படைப்போம் என்று ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனோம். அங்கே ஆரம்பித்தது அலைச்சல். இந்த மேசை இல்லை, அந்த மேசை; சார் கேம்ப் போயிருக்கிறார்; மதியம் வாங்க. கடைசியில் மனுவில் உள்ளூர் விலாசம் கேட்டார்கள். பிறந்து வளர்ந்த ஊரில் எழுத எனக்கு ஒரு கதவு எண் இல்லை. மாமா பேசாமல் பேனாவை வாங்கித் தன் விலாசத்தை எழுதினார். காலையில் அவ்வளவு கோபப்பட்டவர்.

அதனால் உங்கள் சொந்தக்காரர்களிடம் போனிலேயே சொல்லி வையுங்கள்: பானை தென்பட்டால் தோண்டுவதை நிறுத்தி, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து, எவ்வளவு ஆழம் என்று குறித்துக்கொள்ளட்டும். உள்ளே இருக்கும் மண்ணைக் கொட்ட வேண்டாம். கிராம நிர்வாக அலுவலரிடம் சொன்னால் போதும், மேலே தகவல் போகும்.

பார்க்க ஆசையென்றால் சேலம் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. ஏற்காட்டில் ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்கும் போய் வாருங்கள். 1863-இல் பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்த நிலவியல் ஆய்வாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட்டின் நினைவுக்கல் அங்கே இருக்கிறது. மலைக்கிராமக் கோயில்கள் சிலவற்றில் கற்காலக் கோடரிகளைச் சாமியாக வைத்துக் கும்பிடுவதுண்டு. தொட்டு எடுக்காதீர்கள்.

அப்புறம், மனுவின் நகலில் தேதியோடு சீல் வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். அந்த நகலை ஊரில் இருப்பவர் கையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். மறுபடி அலையப் போவது அவர்கள்தான்.