மெலிந்த புறங்கைக்குக் கொழுப்பு வைக்கப் போகிறவர்களுக்கு

மதுரையில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் தியேட்டர் நர்ஸாக இருக்கிறேன். சொந்த ஊர் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் கடற்கரையில் இருக்கும் மண்டபம். லீவுக்கு ஊர்ப்பக்கம் போனால், கல்யாண வீட்டில் யாராவது ஒரு அக்கா புறங்கையை நீட்டி, "இதுக்கு ஏதோ பண்றாங்களாமே, நெசமா?" என்று கேட்பார். நிஜம்தான். நம் வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ கொழுப்பைக் கொஞ்சம் எடுத்துப் புறங்கையில் வைக்கிறார்கள். ஆனால் எல்லாக் கைக்கும் அது மருந்தல்ல.

உங்கள் கைக்கு எது குறை என்று முதலில் பாருங்கள். நம் கடற்கரைக் கைகளில் மூன்று குறைகள் கலந்து கிடக்கும். கடல்பாசி எடுத்தும் கருவாட்டுக்கு மீன் கழுவியும் உப்புத் தண்ணீரில் வெடித்த தோல் ஒன்று. வெயில் போட்ட பழுப்புப் புள்ளிகள் இன்னொன்று. மூன்றாவது, தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு வற்றி, பச்சை நரம்பு புடைத்து, எலும்புகளுக்கு நடுவே பள்ளம் விழுவது. கொழுப்பு வைப்பது இந்த மூன்றாவதற்கு மட்டும்தான். வெடிப்புக்குக் களிம்பும் கையுறையும் போதும். புள்ளிக்குத் தோல் டாக்டரிடம் போங்கள்.

கையைத் தொங்கவிட்டால் யாருக்கும் நரம்பு புடைக்கும். அதனால் தலைக்கு மேலே தூக்கி அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். நரம்பு அமுங்கியும் பள்ளம் அப்படியே இருந்தால் கொழுப்பு குறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

டாக்டர் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவராக இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, மெடிக்கல் கவுன்சில் பதிவில் சரிபாருங்கள். கேட்டால் முகம் சுளிக்கிற இடத்தில் செய்துகொள்ள வேண்டாம். அவர் செய்த கைகளின் போட்டோ கேளுங்கள். அதுவும் ஆறு மாதம் கழித்து எடுத்தது. இரண்டாவது தடவை தேவைப்பட்டால் தனிக் காசா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். அழகுக்கான அறுவைக்குப் பொதுவாகக் காப்பீடு கிடைக்காது.

சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் வந்த பிறகுதான் தேதி குறிக்க வேண்டும். ஆஸ்பிரின் மாதிரி ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சொல்லாமல் இருக்காதீர்கள். தானாகவும் நிறுத்தாதீர்கள், அதைக் கொடுத்த டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அப்புறம், நம் ஊரில் பலர் மறைப்பது ஒன்று உண்டு: வெற்றிலையோடு போடும் புகையிலை. நிக்கோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்கும். புதிதாக வைத்த கொழுப்பு ரத்தம் கிடைத்தால்தான் பிழைக்கும். முன்னே ஒரு மாதம், பின்னே ஒரு மாதம் அதைத் தொடவே கூடாது.

தேதி விஷயத்தில், மகள் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் வந்து நிற்பவர்கள் உண்டு. வேண்டாம், மூன்று நான்கு மாதமாவது இடைவெளி விடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் வேலை குறைவு என்று பலர் கேட்பார்கள். ஓய்வுக்கு அது நல்லதுதான். ஆனால் கொழுப்பு எடுத்த இடத்தில் சில வாரம் இறுக்கமான பெல்ட் போட வேண்டும், சித்திரை வெயிலில் அது பெரும் அவஸ்தை. மார்கழி, தை நல்லது.

தியேட்டரில் நடப்பது இவ்வளவுதான். பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள். உப்புநீரில் மரப்பு மருந்தும் அட்ரினலினும் கலந்து வயிற்றில் ஏற்றிவிட்டு, மெல்லிய குழாய் வழியாக சிரிஞ்சால் மெதுவாக இழுப்பார்கள். அந்த சிரிஞ்சைச் சுழற்றி நிறுத்தினால் மேலே எண்ணெய், அடியில் ரத்தம் கலந்த நீர், நடுவில் பொன் மஞ்சளாகக் கொழுப்பு எனப் பிரிந்து நிற்கும். நடுவில் உள்ளதுதான் வேண்டும். மேலும் கீழும் உள்ளதை நீக்கிவிட்டு, மணிக்கட்டிலும் விரல் இடுக்குகளிலும் ஊசிமுனைத் துளை போட்டு, முனை மழுங்கிய குழாயால் தோலுக்குச் சற்றுக் கீழே வைப்பார்கள். ஒரு கைக்குப் பொதுவாக 10 முதல் 30 மில்லி வரை. குழாயைப் பின்னுக்கு இழுக்கும்போது துளித்துளியாக விடுவதில்தான் கைத்திறன் இருக்கிறது. மிதவைக் கயிற்றில் பாசியை இடைவெளி விட்டுக் கட்டுகிறோமே, அதே காரணம்தான்: ஒரே இடத்தில் குவித்தால் நடுவில் உள்ளது ஊட்டமில்லாமல் அழுகும். கொழுப்பைக் குவித்தால் கட்டி தட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகான நாட்கள்தான் முக்கியம். கை புசுபுசுவென்று வீங்கியிருக்கும், நீலம் பாரித்திருக்கும். முதல் சில நாள் தலையணை மேல் உயர்த்தியே வையுங்கள். விரல்களை மெல்ல மடக்கி நீட்டலாம். மோதிரமும் வளையலும் முன்கூட்டியே கழற்றிவிட வேண்டும், வீக்கத்தில் மாட்டிக்கொள்ளும். வீங்கின கையைப் பார்த்ததும் தைலத்தோடு ஒரு பெரியம்மா வருவார். அன்போடுதான் வருவார், ஆனாலும் நீவவிடாதீர்கள். அழுத்தினால் வைத்த இடத்தைவிட்டுக் கொழுப்பு நகரும். தண்ணீர்க் குடம், துணி பிழிவது, வலை இழுப்பது எதுவும் சில வாரம் வேண்டாம். துளைகள் ஆறும் வரை கடல் தண்ணீரும் மருதாணியும் கூடாது. எங்காவது குளுக்கோஸ் ஏற்ற நேர்ந்தால், புறங்கையில் ஊசி போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சிவப்பு பரவினாலோ, சீழ், காய்ச்சல், தாங்க முடியாத வலி வந்தாலோ, விரல் வெளுத்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். மூச்சுத் திணறினால் உடனே 108.

முதல் வாரத்துக் கையைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், இரண்டாம் மாதம் "எல்லாம் போச்சே" என்று அழவும் வேண்டாம். முதலில் தெரிவதில் வீக்கமும் சேர்ந்தது. வைத்ததில் ஒரு பங்கு கரைவது இயல்பு. எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். மூன்று மாதம் கழித்து நிற்பதுதான் உங்கள் கை. தேவையென்றால் அதற்கப்புறம் இரண்டாவது தடவை பேசலாம். உடம்பு ரொம்ப இளைத்தால் கையும் இளைக்கும். 30க்கு மேல் எஸ்.பி.எஃப். உள்ள சன்ஸ்க்ரீனைப் புறங்கையில் தடவுங்கள், கை கழுவினால் திரும்பவும் தடவுங்கள். கடற்கரையில் வேலை பார்ப்பவர்களுக்கு முழுக்கைச் சட்டையும் கையுறையும் அதைவிட நல்லது.