முதல் தலைமுறைக் கல்லூரி மாணவருக்கு வழிகாட்டியாக இருப்பது எப்படி?

அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குள் நுழையும் பிள்ளைக்கு இன்று முன்பைவிடக் கைகொடுப்புகள் அதிகம். தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் வழியே மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் சேர்கிறது. ஆனால் முதல் செமஸ்டரின் மூன்றாவது வாரத்தில், ஆங்கிலத்தில் நடக்கும் பாடம் புரியாமல் விடுதி அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது பேசுவதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக இருக்க விரும்புவோருக்காக, இந்தப் பணியில் நான் கற்றதை எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன்பே, குறைந்தது ஓராண்டு உங்களால் ஒதுக்க முடியுமா என்று பாருங்கள். அமெரிக்காவில் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் அமைப்பின் மூலம் வழிகாட்டி பெற்ற இளையோரை ஆராய்ந்து ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் ஆகிய இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டோ அதற்கு மேலோ நீடித்த உறவுகளே மிகுந்த பலன் தந்தன என்றும், மூன்று மாதங்களுக்குள் முறிந்த உறவுகளில் பிள்ளைகளின் தன்மதிப்பு குறைந்தது என்றும் கண்டார்கள். பாதியில் விட்டுப் போவது, வராமலே இருப்பதைவிடத் தீங்கானது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

பேசுவதற்கு ஒரு நாளையும் நேரத்தையும் முடிவு செய்து, அதை மாற்றாதீர்கள். நான் ஞாயிறு இரவு ஏழரை மணியை வைத்திருக்கிறேன். அன்று முடியாது என்றால், முந்தைய நாளே சொல்லிவிடுவேன். முதல் இரண்டு மூன்று மாதங்கள் அந்தப் பக்கத்திலிருந்து "சரிங்கண்ணா", "நல்லா இருக்கேண்ணா" என்பதைத் தவிர வேறு எதுவும் வராமல் போகலாம்; அதைக் கண்டு அக்கறையில்லாத பிள்ளை என்று முடிவு கட்டிவிடக் கூடாது, சொன்ன நேரத்துக்கு இவர் அழைக்கிறாரா என்று அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது.

கேள்விகளைச் சிறிதாகக் கேளுங்கள். "எப்படிப் படிக்கிறாய்?" என்றால் "நல்லாப் படிக்கிறேன்" என்பதற்கு மேல் நகராது. "இந்த வாரம் எந்த வகுப்பு சுத்தமாகப் புரியவில்லை?" என்று கேட்டால், புரியாமல் இருப்பது தப்பில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னதாகிறது.

பொறியியல் படித்த ஒரு தம்பி, முதல் செமஸ்டர் முடிவு வந்ததும் என் அழைப்பை எடுப்பதை நிறுத்திவிட்டான். மூன்று ஞாயிறுகள் கழித்து விடுதிக்கே போனேன். வாசலில் இருந்த டீக்கடையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், வீட்டில் ஆடு குட்டி போட்டதைப் பற்றித்தான் பேசினோம். டீ ஆறிப் போன பிறகு, ஒன்றும் சொல்லாமல் கைப்பேசியை என் பக்கம் திருப்பினான். கணிதத்திலும் இயற்பியலிலும் அரியர். தவறு என்னுடையதும்தான். அதற்கு முந்தைய மாதம் வேறொரு மாணவி எடுத்த மதிப்பெண்ணை அவனிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன், அதனால் என்னிடம் சொல்ல அவன் கூசியிருக்கிறான். அன்று அறிவுரை எதுவும் சொல்லவில்லை. பழைய வினாத்தாள்களை எடுத்து வைத்து, எந்த அலகிலிருந்து எத்தனை கேள்விகள் வருகின்றன என்று இருவரும் குறித்தோம். அரியர் தேர்வுக்குப் பணம் கட்டக் கடைசி நாள் எது என்று பார்த்தோம். இயற்பியலை அடுத்த முறையே முடித்தான், கணிதத்துக்கு இன்னும் ஒரு முறை தேவைப்பட்டது. அன்று முதல் ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணை இன்னொரு பிள்ளையிடம் நான் சொல்வதில்லை.

பெற்றோரை ஒருமுறையாவது நேரில் பாருங்கள். மகன் அல்லது மகள் யாரிடம் பேசுகிறார் என்பதை அறியும் உரிமை அவர்களுக்கு உண்டு. நீங்கள் அவர்களுடைய இடத்தைப் பிடிக்க வரவில்லை என்பதும் அப்போது தெரியும். பணத்தை உங்கள் கையால் கொடுப்பதைத் தவிருங்கள், கடன் வந்த இடத்தில் பிள்ளை மனம்விட்டுப் பேசாது. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க உடன் இருங்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் சந்திப்பு பொது இடத்தில், வீட்டாருக்குத் தெரிந்தே நடக்க வேண்டும். அந்தப் பிள்ளை பாலியல் கொடுமைக்கு ஆளானது தெரியவந்தால், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கடமை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம்.

வேலை மாற்றத்தாலோ வேறு காரணத்தாலோ விலக நேர்ந்தால், ஒரு மாதத்துக்கு முன்பே காரணத்தோடு சொல்லுங்கள். அந்தப் பிள்ளை தன்மேல் தவறு என்று நினைத்துக்கொள்ள இடம் வைக்காதீர்கள். அடுத்து வரும் வழிகாட்டியை நீங்களே அழைத்துப் போய் அறிமுகப்படுத்தி, முதல் உரையாடல் முடியும்வரை கூடவே இருங்கள்.